சக்கரம் பூட்டிய கருவிப் பெட்டி

நம் சங்கத்து அன்பர்களுள் பம்பு பழுது பார்ப்போரும், மின் வேலை செய்வோரும், வெல்டிங் தொழிலினரும் பலர். அவர்கள் இல்லங்களிலிருந்து அண்மையில் ஒரே வினா பல கடிதங்களில் வந்திருக்கிறது. கனத்த கருவிகளைச் சாக்கில் கட்டித் தோளில் சுமப்பதை விடுத்துச் சக்கரம் வைத்த பெட்டி ஒன்று வாங்க எண்ணியுள்ளோம், எத்தகையதை வாங்கலாம் என்பதே அவ்வினா. எழுதியவர்களுள் பாதிப்பேர் தாய்மார் என்பதையும் குறிப்பிடல் வேண்டும். இரவில் கணவரின் முதுகுக்குத் தைலம் தேய்ப்பவர்கள் அவர்களே ஆதலின் இதில் வியப்பொன்றும் இல்லை.

வேலந்தாவளத்தைச் சுற்றியுள்ள நம் பகுதியின் தன்மையை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். கேரளம் என்றாலே மழை என்று வெளியூரார் கருதுவர். கொழிஞ்சாம்பாறையும் எருத்தேம்பதியும் அப்படிப்பட்டவை அல்ல என்பதை நாம் அறிவோம். நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுக்கும் வட்டாரம் என்று சித்தூர் பல ஆண்டுகளாக அரசுக் கணக்குகளில் குறிக்கப்பட்டு வந்திருக்கிறது. நீர் கீழே போகப் போக ஆழ்துளைக் கிணறுகளும் ஆழமாகின்றன. அவற்றில் இறக்கிய மோட்டார்களை மேலே தூக்கும் வேலையும் பெருகுகிறது. அவ்வேலைக்குச் செல்பவர் என்னென்ன கொண்டு போகிறார்? ஒரு டன் தாங்கும் செயின் பிளாக் மட்டும் ஏறத்தாழ 10 கிலோ. இருபத்து நான்கு அங்குலப் பைப் ரிஞ்சு ஒன்று 4 கிலோவுக்கு மேல். குழாயைப் பிடிக்க ஒன்று, திருக ஒன்று என இரண்டு வேண்டும். குழாய்க் கிளாம்புகள், சம்மட்டி, ஸ்பேனர்கள், கேபிள் சுருள், சோதனைக் கருவி எல்லாம் சேர்ந்தால் 40 கிலோ எளிதில் வந்துவிடும். பேருந்தை விட்டு இறங்கியபின் தோப்புக்குள் செல்லும் செம்மண் தடத்தில் இதனை யார் தூக்குவது?

சுமை தூக்குவதையே தொழிலாகக் கொண்டோர்க்குக் கேரளத்தில் 1978-ஆம் ஆண்டின் சுமைத் தொழிலாளர் சட்டம் உண்டு. ஒருவர் சுமக்கத்தக்க உச்ச எடையை 75 கிலோவிலிருந்து 55 கிலோவாக அண்மையில் குறைத்திருக்கின்றனர். அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 1967-லேயே இந்த 55 கிலோவைப் பரிந்துரைத்திருந்தது. ஆனால் தம் கருவியைத் தாமே சுமக்கும் பம்புக்காரருக்கு எந்தச் சட்டமும் எடை வகுக்கவில்லை. அவருக்கு அவர் முதுகே சட்டம். அது ஒருமுறை பிசகினால் வீட்டில் உலை வைப்பதே கேள்வியாகிவிடுகிறது. ஆகவே இப்பெட்டியை ஓர் ஆடம்பரப் பொருளாக நாம் கருதவில்லை.

கடைகளில் பெட்டியின் நிறத்தையும், உள்ளறைகளின் எண்ணிக்கையையும், மூடியின் பளபளப்பையும் காட்டுவர். வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது பெட்டியின் அடிப்புறத்தை. பயணப்பெட்டிக்குச் சக்கரம் பூட்டும் முறைக்கு அமெரிக்கரான பெர்னார்டு சாடோ 1972-இல் காப்புரிமை பெற்றார். விமானியான இராபர்ட் பிளாத் 1987-இல் இரண்டு சக்கரமும் நீண்ட கைப்பிடியும் கொண்டு நிமிர்ந்து நிற்கும் பெட்டியைச் செய்தார். அவர்கள் மனத்திலிருந்தது விமான நிலையத்தின் வழவழப்பான தரை. நம் தோப்புத் தடம் அவர்கள் கனவிலும் வந்திராது. அதே சிறு சக்கரத்தைக் கருவிப் பெட்டிக்கும் பூட்டி விற்பதுதான் இன்று பலருக்கு வினையாக முடிகிறது.

மாட்டுவண்டிக்கு ஏன் அத்துணைப் பெரிய சக்கரம் என்று நம் பாட்டனாரைக் கேட்டால் சொல்லியிருப்பார். கணக்கும் அதையே சொல்கிறது. சக்கரத்தின் மேல் 40 கிலோ பாரம் இருக்கிறதென்று கொள்வோம். தடத்தில் 2 சென்டிமீட்டர் உயரமுள்ள கல் விளிம்பு ஒன்று குறுக்கிடுகிறது. சக்கரத்தின் குறுக்களவு 10 சென்டிமீட்டரானால், நின்ற நிலையிலிருந்து நேர்மட்டமாக இழுத்து அதனை ஏற்ற ஏறத்தாழ 53 கிலோ விசை வேண்டும், பாரத்தைவிட அதிகம். குறுக்களவு 20 சென்டிமீட்டரானால் 30 கிலோ விசையே போதும். கல்லும் அதுவே, பாரமும் அதுவே. சக்கரம் மட்டுமே வேறு. ஆதலின் நம் ஊர்த் தடங்களுக்கு 18 முதல் 20 சென்டிமீட்டருக்குக் குறைந்த சக்கரம் உதவாது என்பது நம் கருத்து. நான்கு மூலையிலும் சுழலும் சிறு சக்கரம் வைத்த பெட்டிகள் பட்டறையின் சிமெண்டுத் தரைக்கு நல்லவை. அங்கேயே அவை இருக்கட்டும்.

சக்கரம் எதனால் ஆயது என்பதும் பார்க்கத்தக்கது. வெறும் பிளாஸ்டிக் சக்கரம் தார்ச்சாலையில் பெருங் கூச்சலிடும். கல்லில் மோதி விளிம்பு உடையும். காற்றடைத்த டயர் மணலில் நன்றாகச் செல்லும், எனினும் நம் வேலியோரத்து முள்ளுக்கு அது விருந்து. கெட்டி ரப்பர் பூண்ட அகலமான சக்கரமே நடுவழி. இனி அச்சு. இரு சக்கரங்களையும் இணைத்து ஒரே இரும்புத் தண்டு ஊடே ஓட வேண்டும். சில பெட்டிகளில் பக்கத்திற்கொரு குட்டை முளையைப் பிளாஸ்டிக்கிலேயே வார்த்து அதில் சக்கரத்தைச் செருகிவிடுகின்றனர். நம் அன்பர் ஒருவர் வாங்கிய அத்தகைய பெட்டி மூன்று மாதத்தில், பேருந்திலிருந்து இறக்கும்போதே ஒரு பக்கம் முறிந்து போயிற்று. விற்றவர் பாரம் அதிகம் என்றார். பெட்டியின் மீதோ தாங்கும் எடை குறிக்கப்படவில்லை. எடை குறிக்காத பெட்டியை வாங்கற்க. குறித்திருப்பினும், அவ்வெடை பெட்டி முழுமைக்கா, மேல்தட்டுக்கா என்று கேட்டறிக. அச்சின் முனையில் உள்ள பின்னைக் கழற்றிச் சக்கரத்தை மாற்ற இயலுமா என்பதையும் பார்க்க வேண்டும். மாற்ற இயன்றால் கோவைக்குப் போய் வேறு சக்கரம் வாங்கிப் பூட்டிக்கொள்ளலாம்.

இரும்புத் தகடா, பிளாஸ்டிக்கா? இதில் நம் அன்பர்களிடையே கட்சி உண்டு. தகட்டுப் பெட்டி நசுங்கினாலும் தட்டி நிமிர்த்தலாம். ஆனால் வெறும் பெட்டியே கனக்கும், மழைக்காலத்தில் மூலைகளில் துருப்பிடிக்கும். பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக் இலேசானது, துருவறியாது. எனினும் வெயிலில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் நொறுங்கத் தொடங்கும். கரி கலந்த கறுப்பு வகை வெயிலைக் கூடுதலாகத் தாங்கும். சம்மட்டியும் செயின் பிளாக்கும் மட்டுமெனில் தகடு போதும். மின் கருவிகளும் அளவுக் கருவிகளும் உண்டெனில், மூடியைச் சுற்றி ரப்பர் பட்டை வைத்த பிளாஸ்டிக் பெட்டியே தக்கது. அதில் ஐ.பி. 65 என்று குறித்திருந்தால், தூசு உள்ளே புகாது, பீய்ச்சும் நீரையும் தடுக்கும் என்று பொருள். கொண்டி எதிலும் இரும்பாகவே இருக்கட்டும். பூட்டு மாட்டத் துளையும் வேண்டும்.

பெட்டியை அடுக்கும் முறையில்தான் பெரும்பாலோர் கவனம் செலுத்துவதில்லை. சாய்த்து இழுக்கும் பெட்டி ஒரு நெம்புகோல். அச்சிலிருந்து கைப்பிடி 100 சென்டிமீட்டர் தொலைவு என்க. கனமெல்லாம் மேல்தட்டில் இருந்து, பாரத்தின் நடு 40 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றால், 40 கிலோவில் ஏறத்தாழ 16 கிலோ கைக்கு வரும். அதே கருவிகளைச் சக்கரத்தை ஒட்டி அடியில் வைத்து நடுவை 20 சென்டிமீட்டருக்கு இறக்கினால் கைக்கு வருவது 8 கிலோவே. காசு செலவின்றிக் கிடைக்கும் பாதி இளைப்பாறல் இது. நீளும் கைப்பிடியை முழுதும் இழுத்துக் கடையிலேயே பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்கவும். அப்போதே தளர்ந்து ஆடினால் வேண்டா.

சக்கரம் இருப்பதால் எவ்வளவும் ஏற்றலாம் என்பது தவறான எண்ணம். சாலை முடியுமிடத்தில் பேருந்துப் படி இருக்கிறது. அங்கே சக்கரம் உதவாது. அமெரிக்க அரசின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமாகிய நியோஷ் 1991-இல் வகுத்த கணக்கின்படி, எல்லா வசதியும் பொருந்திய நிலையிலும் ஒருவர் தூக்கத்தக்கது 23 கிலோவே. பேருந்துப் படியில் எந்த வசதி பொருந்துகிறது! ஆகவே, ஒரே பெரிய பெட்டியை வாங்குவதினும், ஒன்றன்மேல் ஒன்று பொருந்திக் கொண்டியிட்டுக்கொள்ளும் இரு பெட்டிகளை வாங்குதல் நன்று என்போம். அடிப்பெட்டிக்கு மட்டும் சக்கரம் இருக்கும். தடத்தில் ஒன்றாக உருட்டலாம். படியில் தனித்தனியே தூக்கலாம். விலை சற்றுக் கூடும். ஆயினும் மருத்துவர் செலவோடு அதனை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

மூணாறு, பீர்மேடு பகுதிகளில் தோட்டப் பட்டறைகளில் பணிபுரியும் அன்பர்களுக்கு ஒரு சொல். சரிவில் இறங்குகையில் பெட்டியை முன்னே விட்டு, மேட்டுப்புறம் நின்று பிடித்துக்கொண்டு இறங்குக. பெட்டி பின்னே வந்தால் அது கைநழுவும்போது காலில்தான் விழும்.

இரயிலில் செல்வோர்க்கு இரண்டாம் வகுப்பில் 35 கிலோவும் படுக்கை வகுப்பில் 40 கிலோவும் கட்டணமின்றி அனுமதிக்கப்படுகின்றன. அயல்நாட்டு வேலைக்குக் கருவியோடு விமானமேறுவோர், சரக்கறையில் இடும் ஒரு பெட்டி 32 கிலோவுக்கு மேற்பட்டால் பொதுவாக ஏற்கமாட்டார்கள் என்பதை நினைவில் கொள்க. டிரில் முதலியவற்றின் உதிரி லித்தியம் பாட்டரிகளை அப்பெட்டியில் வைத்தல் ஆகாது. கைப்பையில்தான் கொண்டு செல்ல வேண்டும்.

கடைக்குச் செல்லும்போது தம் கருவிகளைச் சாக்கோடு எடுத்துச் சென்று, பெட்டியில் இட்டு, கடைவாயிலின் படியில் ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்க்க இடம் கேட்க வேண்டும். நல்ல வணிகர் மறுக்கமாட்டார். அவ்வாறு பார்த்து வாங்கியவர்கள், எந்தச் சக்கரம் எத்தனை நாள் உழைத்தது என்று நமக்கு எழுதினால் பிற வீட்டார்க்கும் பயன்படுமாறு இப்பகுதியில் வெளியிடுவோம்.