குற்றாலம் போகிறவர்கள் வாசுதேவநல்லூரில் இறங்கட்டும்

ஜூன் மாதம் சாரல் தொடங்கிவிட்டால் திருமங்கலம்–கொல்லம் தேசிய நெடுஞ்சாலையில் சனிக்கிழமை காலையில் வண்டிகள் வரிசைகட்டும். திருவில்லிபுத்தூர், ராஜபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் என்று மலையடிவாரத்தை ஒட்டியே போகிறது இந்தச் சாலை. திருவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்க ஒரு நிறுத்தம் உண்டு. அதற்கப்புறம் தென்காசிவரை உள்ள ஊர்களெல்லாம் குற்றாலம் போகிறவருக்கு வேகத்தடைகளாகவும் பெயர்ப்பலகைகளாகவும் மட்டுமே தெரிகின்றன. அருவியில் ஒரு குளியல், செங்கோட்டைப் பக்கம் பார்டர் பரோட்டா, ஒரு பொட்டலம் நேந்திரங்காய் சிப்ஸ், பிறகு ஊர் திரும்பல். பெருநகரம் பார்க்கப் போகிறவர்கள் இந்தப் பழக்கத்தை எப்போதோ விட்டுவிட்டார்கள். சென்னைக்கு வருகிறவர் மெரினாவோடு நிற்பதில்லை. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ நூடுல்ஸைத் தேடிக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே போகிறார், சௌகார்பேட்டைச் சந்துகளில் நடக்கிறார். அந்தந்தப் பேட்டையின் ஆட்கள் சாப்பிடுகிற இடத்தில் சாப்பிட்டால்தான் ஊர் பிடிபடும் என்பது அவருக்குத் தெரிகிறது. இதே விவேகம் மலையடிவாரச் சிற்றூர்களுக்கும் பொருந்தும். சிவகிரியிலிருந்து செங்கோட்டைவரை நீளவாக்கில் கிடக்கும் ஊர்களை ஒரே நகரத்தின் பேட்டைகளாகப் பார்க்கப் பழகினால்தான் குற்றாலம் என்ன என்பதே விளங்கும்.

குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவருவது ஆரியங்காவுக் கணவாய். மேற்குத்தொடர்ச்சி மலை அங்கே சற்றுத் தாழ்ந்து வழிவிடுவதால் தென்மேற்குப் பருவக்காற்று கிழக்கே எட்டிப்பார்க்கிறது. அந்த மலைத்தொடரிலிருந்து இறங்கும் ஓடைகளும் அவற்றால் நிரம்பும் குளங்களும்தான் அடிவாரம் முழுக்க நெல்லையும் தென்னையையும் எலுமிச்சையையும் வளர்க்கின்றன. வாசுதேவநல்லூருக்குத் தெற்கே அடுத்த பெரிய ஊரான புளியங்குடி, தமிழ்நாட்டின் எலுமிச்சை நகரம் என்றே பெயர் வாங்கியது. புளியங்குடி எலுமிச்சைக்கு 2025இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. அங்குள்ள கமிஷன் கடைகளில் குவிகிற காய்கள் கேரளச் சந்தைகளுக்கும் போகின்றன. அருவியைப் பார்க்கிறவர் மலைநீரின் ஒரு கோலத்தை மட்டும் பார்க்கிறார். அதே மழை வயலாகி, காயாகி, இலையில் விழும் சாப்பாடாகிற கதை நெடுஞ்சாலையோர ஊர்களில் இருக்கிறது.

மழைக்கு அடுத்தபடியாக இந்தச் சாப்பாட்டில் இருப்பது வரலாறு. செங்கோட்டை 1956 நவம்பர் 1வரை திருவிதாங்கூர்–கொச்சிக்குள் இருந்தது. அந்நாளைய எல்லை இருந்த பிரானூருக்கு ‘பார்டர்’ என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. மாநில எல்லை மேற்கே புளியரைக்கு அப்பால் நகர்ந்து ஏறக்குறைய எழுபதாண்டு ஆகிறது, பட்டம் போகவில்லை. வாழையிலையில் சிறு பரோட்டாவும் நாட்டுக்கோழியும் காடையும் வைத்துச் சால்னா ஊற்றும் முறை, இரண்டு நாட்டு வண்டிகளும் வந்து நின்ற ஓர் எல்லைச் சாலையின் சொத்து. கடையநல்லூர் நெசவாளர் ஊர். அங்கிருந்தும் தென்காசியிலிருந்தும் பிழைப்புத் தேடிச் சிங்கப்பூர் போன முஸ்லிம்கள் அங்கே வேரூன்றினார்கள்; கடையநல்லூர்க்காரர்கள் 1946இல் உமறுப்புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளிக்கூடமே நடத்தத் தொடங்கினார்கள். ரமலான் மாதத்தில் இவ்வூர்களில் கிடைக்கும் நோன்புக்கஞ்சிக்கும் விருந்து வீட்டு நெய்ச்சோற்றுக்கும் அந்தக் கடல்கடந்த கதையிலும் பங்குண்டு. சைவச் சமையலின் பக்கம் திரும்பினால் தேங்காய்ப்பால் சொதி, கூட்டாஞ்சோறு, கறுப்பு உளுந்து போட்டு ஆக்கி எள்ளுத்துவையலோடு சாப்பிடும் உளுந்தஞ்சோறு. இவற்றில் பல உணவக விலைப்பட்டியலில் ஏறாதவை. கல்யாண வீட்டிலும் அடுப்படியிலுமே வாழ்கிறவை. சிப்ஸ் பொட்டலத்தோடு திரும்புகிறவருக்கு இப்படி ஒரு சமையல் இருப்பதே தெரிய வாய்ப்பில்லை.

சரி, உள்ளூர்க்காரர் சாப்பிடும் கடையில்தான் சாப்பிட வேண்டும் என்பதற்கு ரசனையைத் தாண்டி என்ன காரணம்? கணக்குத்தான் காரணம். குற்றாலத்தில் சீசன் கடை நடத்துகிறவருக்கு ஏறக்குறைய மூன்று மாதம்தான் வியாபாரம். ஆண்டு முழுவதற்குமான வருமானத்தை அதற்குள் எடுத்தாக வேண்டும். எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவர் மறுபடி வருவது அடுத்த ஆண்டோ, எப்போதோ. அவரைத் திருப்திப்படுத்தினாலும் லாபமில்லை, ஏமாற்றினாலும் நட்டமில்லை. வாசுதேவநல்லூர்ப் பேருந்து நிலையத்தருகே இட்லிக்கடை போட்டவரின் நிலைமை வேறு. காலையில் வயலுக்குப் போகிறவரும் பள்ளிக்கூட வாத்தியாரும் லோடு ஏற்றுகிறவரும் அவர் கடைக்கு நாளைக்கும் வந்தாக வேண்டும். சாம்பார் நீர்த்துப் போனால் மறுநாளே பெஞ்சு காலியாகும். விலையை ஏற்றினால் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள். அன்றாட வாடிக்கையாளரின் நாக்கும் சட்டைப்பையும் சேர்ந்து நடத்தும் இந்தக் கண்காணிப்பை எந்தச் சான்றிதழும் தர முடியாது. நேர்மையான கடைக்காரர்கள் குற்றாலத்திலும் உண்டு. அங்கே அவர்களுடைய நேர்மைக்குச் சந்தை கூலி கொடுப்பதில்லை என்பதுதான் சங்கடம்.

ஆகவே ஊரின் கடிகாரத்துக்கு நம் வயிற்றைப் பழக்குவதுதான் வழி. அதிகாலையில் டீக்கடை திறக்கும். நாலு மணி வாக்கில் வடையும் பஜ்ஜியும் எண்ணெயிலிருந்து ஏறும். பரோட்டாக் கல் சூடாவது இருட்டும் நேரத்தில். இந்த வரிசையை மாற்றி மத்தியானம் பரோட்டா கேட்கிறவருக்கு நேற்றைய மாவு கிடைத்தால் குற்றம் கடைக்காரர்மேல் மட்டும் இல்லை. பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தைக்குக் காலையில் போனால் எந்தக் காய் எந்தப் பக்கம் போகிறது, கேரள லாரிகள் எதை அள்ளுகின்றன என்பது தெரிந்துவிடும். அன்றைய மத்தியானச் சாப்பாட்டில் என்ன கூட்டு இருக்கும் என்றும் ஊகித்துவிடலாம். ஊருக்கு ஊர் தாவ நகரப் பேருந்து இருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் ‘மத்தியானச் சாப்பாடு எங்கண்ணே நல்லாருக்கும்?’ என்று கேட்டால் கிடைக்கும் பதிலுக்கு, கைப்பேசியில் நட்சத்திரம் எண்ணிப் பெறும் பதில் ஈடாகாது. சொல்கிறவர் அங்கே தினமும் சாப்பிடுகிறவர்.

இதற்கு முதலில் எழும் மறுப்பு நேரம் பற்றியது. இரண்டு நாள் விடுப்பில் குடும்பத்தோடு வருகிறவர் அருவியை விட்டுவிட்டுச் சந்தை பார்க்கவா வருவார்? நியாயமான கேள்விதான். ஆனால் அருவி நம் விடுப்பைப் பார்த்து விழுவதில்லை. நீர்வரத்து மிகுந்தால் குளிக்கத் தடை, குறைந்தால் வரிசை. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு மாணவரின் உயிரைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு தடை போடுவதில் அதிகாரிகள் தயங்குவதில்லை, தயங்கவும் கூடாது. தடை அறிவிக்கப்பட்ட நாளில் பல்லாயிரம் பேர் விடுதி அறைகளிலும் கார்களிலும் முடங்குகிறார்கள். குற்றாலத்தில் அருவியைத் தவிர ஒன்றுமில்லை என்று நினைத்து வந்ததன் பலன் அது. வாசுதேவநல்லூரிலும் புளியங்குடியிலும் இறங்குவதற்குத் தனியாக ஒரு பயணம் வேண்டாம். அவை வருகிற வழியிலேயே இருக்கின்றன. அரை நாள் போதும்.

இரண்டாவது மறுப்பு ஊர்க்காரர்களே சொல்வது: ‘எங்க ஊர்ல என்ன இருக்கு, பாக்கதுக்கு?’ வாசுதேவநல்லூரில் அர்த்தநாரீஸ்வரராக மூலவர் நிற்கும் சிந்தாமணிநாதர் கோயில் இருக்கிறது. பாளையக்காரர் பூலித்தேவரின் மண்கோட்டை நின்ற ஊர் அது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அந்தக் கோட்டைக்காகப் பல ஆண்டுகள் முட்டி மோதி, 1767இல் டொனால்ட் கேம்ப்பெல் தலைமையில்தான் அதைக் கைப்பற்ற முடிந்தது. பூலித்தேவரின் பாளையமான நெற்கட்டும்செவலும் பக்கத்தில்தான் இருக்கிறது. இத்தனையும் சொன்ன பிறகும் இவற்றைப் பட்டியலிட்டு இன்னொரு சுற்றுலாத் தலம் ஆக்க வேண்டியதில்லை. கோட்டையைப் பிடித்து வைத்திருந்தவர்கள் தின்ற தானியமும் குடித்த குளத்து நீரும் இந்த மண்ணுடையவை. அந்தத் தொடர்ச்சியைக் காட்டக்கூடியது இன்றைய கடைத்தெரு. பார்க்க ஒன்றுமில்லை என்று ஊர்க்காரர் சொல்வதன் பொருள், காட்சிக்கென்று எதுவும் செய்துவைக்கப்படவில்லை என்பதே. வெளியாள் போய்ப் பார்க்க அதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

மூன்றாவது மறுப்பு வலுவானது. வெளியாட்கள் வந்து குவிந்தால் உள்ளூர்க் கடையும் சீசன் கடை ஆகிவிடாதா? ஆகும். சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயல்களைப் பார்த்தாலே தெரியும். பூத்திருக்கிற நாட்களில் படமெடுக்க வருகிறவர்களின் காலில் பயிர் மிதிபடுகிறது. அவர்களில் பெரும்பாலோர் அந்த ஊரில் ஒரு டீகூடக் குடிக்காமல் திரும்புகிறார்கள். வெனிஸ் நகரம் பகல்பொழுதுக்கு மட்டும் வந்துபோகிறவர்களிடம் 2024 ஏப்ரலிலிருந்து ஐந்து யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது, இப்படிப்பட்ட கூட்டம் தாளாமல்தான். ஆனால் இந்த எடுத்துக்காட்டுகள் எல்லாம் ஒரே இடத்தில் கூட்டம் குவிவதன் கேட்டைத்தான் காட்டுகின்றன. ஒரு காணொளி ஒரு கடையைப் பிரபலமாக்கினால் அந்தக் கடை கெடும், பக்கத்துக் கடை பட்டினி கிடக்கும். கூட்டம் ஏழெட்டு ஊர்களில் நூறு கடைகளுக்குப் பிரிந்தால் எந்தக் கடையும் தன் வாடிக்கையாளரை விட்டுவிட்டு வெளியாளை நம்பி வாழ வேண்டிய நிலை வராது. இந்தக் கட்டுரையில் ஒரு கடையின் பெயரும் இல்லாதது அதனால்தான்.

நான்காவது மறுப்பு எளிதில் கடக்க முடியாதது. ‘உள்ளூர்க்காரர் மாதிரி’ என்றால் எந்த உள்ளூர்க்காரர்? தென் மாவட்டங்களில் தெருவென்பது வெறும் தெரு இல்லை. எந்தத் தெருவில் யார் இருக்கிறார், யார் எங்கே செருப்போடு நடக்கலாம், யாருக்கு எந்த டம்ளர் என்ற கேள்விகளுக்காக நெடுங்காலம் போராட்டம் நடந்த நிலம் இது. பூலித்தேவரின் படையில் நின்ற, ஒடுக்கப்பட்ட சமூகத்தவரான ஒண்டிவீரனுக்கு அஞ்சல்தலை வெளிவரவே 2022 ஆக வேண்டியிருந்தது. இந்தப் பகுதியின் ஒரு ‘பாரம்பரியச் சாப்பாடு’ என்று யாராவது காட்டினால், அது யாருடைய அடுப்படியிலிருந்து வந்தது, யாருடைய அடுப்படி விடுபட்டது என்று கேட்கத்தான் வேண்டும். வெளியூரிலிருந்து வந்து இரண்டு நாள் தங்கும் ஒருவர் உள்ளூர்க்காரர் ஆகிவிட முடியாது. ஆகிவிட்டதாக நினைப்பதும் பாசாங்கு. உள்ளூர்க்காரருக்கு அங்கே விலகிப்போக முடியாத சுமைகள் இருக்கின்றன, வந்தவருக்கு இல்லை. எனவே என் வாதம் இன்னும் சிறியது: உள்ளூர்க்காரருக்காக நடக்கும் கடையில், உள்ளூர்க்காரர் கொடுக்கும் விலையைக் கொடுத்து, அவரோடு அதே பெஞ்சில் உட்காருங்கள். சந்தையும் பேருந்தும் டீக்கடையும் எல்லோரும் தோளோடு தோள் நிற்கும் இடங்களாக ஆனது தானாக நடந்ததில்லை. அப்படி ஆனவற்றுக்குப் போவதும், ஆகாதவற்றைக் கண்டுகொள்வதும் ஊரைத் தெரிந்துகொள்வதில் சேர்ந்ததுதான்.

கடைசியாகச் சுத்தம். சிற்றூர்க் கடையில் தண்ணீர் எப்படி, கழிப்பறை எங்கே என்ற தயக்கம், குறிப்பாகப் பெண்களுக்கும் குழந்தைகளோடு வருகிறவர்களுக்கும், முழுக்க நியாயமானது. அதற்கு விடை பயணியிடம் இல்லை, பேரூராட்சியிடமும் நகராட்சியிடமும் இருக்கிறது. தெருவோரக் கடைகளை ஒதுக்கித் தள்ளாமல் ஒழுங்குபடுத்துவது எப்படி என்று சிங்கப்பூர் காட்டியிருக்கிறது. அங்கே அரசே கூடங்கள் கட்டி, குழாயும் வடிகாலும் போட்டு, தெருக்கடைக்காரர்களை உள்ளே கொண்டுவந்தது. சாமானியர் தினமும் சாப்பிடும் அந்தப் பண்பாடு 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. நம்மிடம் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி ஒவ்வொரு நகர்ப்புற உள்ளாட்சியிலும் விற்பனைக் குழு அமைய வேண்டும், அதில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். 2019 நவம்பரில் பிறந்த தென்காசி மாவட்டம் சீசனுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைக் குற்றாலத்துக்கு வெளியே செலவிடட்டும். நெடுஞ்சாலையோர ஊர்களின் பேருந்து நிலையங்களில் பூட்டாத, நாற்றமில்லாத கழிப்பறையும் குடிநீரும், கண்ணில் படும் பேருந்து நேரப் பலகையும், கடைகளில் விலைப்பட்டியலும் இருந்தால் போதும். இதில் எதுவும் சுற்றுலாவுக்கென்று செய்யும் அலங்காரம் இல்லை. சீசன் முடிந்து கடைசி வண்டி போன பிறகும் வாசுதேவநல்லூர்க்காரருக்கு ஆண்டின் மீதி ஒன்பது மாதமும் பயன்படும். உள்ளூர்க்காரருக்கு நல்ல ஊராக இருப்பதே வருகிறவருக்கும் நல்ல ஊர். சுற்றுலாத் திட்டம் போடுகிறவர்கள் அந்த வரிசையைத் தலைகீழாக்காமல் இருந்தால் சரி.