கூலியும் கல்வியும்

“படிப்பில்லாதவனுக்கு இந்தக் கூலி போதாதா?” என்று சிலர் பேசக் கேட்கிறோம். கல்வியும் பயிற்சியும் மிகுந்தால் திறன் மிகும். திறன் மிகுந்தால் விளைவு மிகும். விளைவு மிகுந்தால் ஊதியம் உயரும் என்பது அவர்களது கணக்கு. அது பிழையன்று; ஆனால் பாதிக் கணக்கே.

மறுபாதியை அறிய, அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரருகே ஹைலண்டு பார்க்கில் இயங்கிய ஃபோர்டு மோட்டார் ஆலையை நோக்குவோம். 1913-இல் அங்கே, கார் நகர்ந்து வர, தொழிலாளர் நின்ற இடத்திலேயே ஒரே பாகத்தைப் பூட்டும் முறை புகுந்தது. அதற்குப் பெரும்படிப்பு வேண்டியதில்லை. ஆயினும் அலுப்புத் தாளாமல் ஆட்கள் விலகியவண்ணம் இருந்தனர். அவ்வாண்டில் விலகியோர் தொகை, வேலையில் இருந்தோர் தொகையைப்போல் மூன்று மடங்கையும் தாண்டிற்று. புதியோரைச் சேர்ப்பதும் பழக்குவதும் ஓயாத செலவாயின.

1914 ஜனவரி 5-ஆம் நாள் நிறுவனம் ஓர் அறிவிப்பு விடுத்தது. 9 மணி நேர உழைப்புக்கு 2 டாலர் 34 சென்ட்டாக இருந்த நாட்கூலி, 8 மணி நேர உழைப்புக்கு 5 டாலராயிற்று. விலகுவோர் தொகை விரைவில் குறைந்தது, விளைவு பெருகிற்று. செலவைக் குறைக்கத் தாம் கண்ட சிறந்த வழிகளுள் இது ஒன்று என ஹென்றி ஃபோர்டே பின்னர் கூறினார். படிப்பு அதேதான்; கூலி மாறியது, உழைப்பும் மாறியது!

இதிலும் குறை உண்டு. உயர்ந்த பங்கைப் பெறுவோரின் இல்லங்களுக்கு ஆளனுப்பி நடத்தையை ஆராய்ந்தனர். பெண்களுக்கு முதலில் அக்கூலி இல்லை. ஆங்கிலம் அறியாத குடியேறிகளுக்கு நிறுவனமே பள்ளி நடத்தியதோ பாராட்டத்தக்கது.

1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தம் சுற்றுமடலில், சிக்கனமும் நல்லொழுக்கமும் உள்ள தொழிலாளி வாழப் போதுமானதாகக் கூலி இருக்கவேண்டும் என்றும், இந்நீதி இருவர் பேசிக்கொள்ளும் உடன்பாட்டிற்கும் மேலானது என்றும் போதித்தார்.

அரைக்கூலி பெறும் தந்தை மகனை வேலைக்கு அனுப்புகிறான். நிறைகூலி பெறுபவனால் பள்ளிக்கு அனுப்ப இயலும். ஆகவே கூலி கல்வியின் கனி மட்டுமன்று, அதன் வித்துமாகும்.

நம் இல்லத்தில் பாத்திரம் துலக்கும் பெண்ணும், நம் பட்டறையில் தொழில் பழகும் இளைஞனும் நம்மிடமே கூலி பெறுகின்றனர். அவர்களது படிப்பை அளக்குமுன், நாம் கொடுத்தது எவ்வளவு, கற்றுக்கொடுத்தது எவ்வளவு என நம்மையே அளந்து பார்ப்போமாக.