காபிக் கடை வரட்டும். நூல் தேர்வு நூலகரிடமே இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பொது நூலகங்களில் புத்தகக் கடையும் காபிக் கடையும் தனியார் பங்களிப்போடு வரலாம் என்ற உங்கள் கட்டுரையை வரவேற்கிறேன். அதில் பாராட்டப்பட்ட ஜப்பானின் தக்கேயோ நகர நூலகத்துக்கு மறுபக்கமும் உண்டு. 2013இல் சுதாயா புத்தகக் கடைகளை நடத்தும் நிறுவனத்தின் நிர்வாகத்தில், உள்ளே ஸ்டார்பக்ஸோடு, 365 நாளும் இரவு 9 மணிவரை அது இயங்கத் தொடங்கியதும் கூட்டம் பெருகியது உண்மைதான். ஆனால் வெகுதொலைவில் உள்ள சைதாமா பகுதியின் ராமென் கடைகளுக்கான பழைய வழிகாட்டியைக்கூட அந்த நிறுவனம் அங்கே வாங்கி அடுக்கியிருந்தது 2015இல் அம்பலமானது. அதே ஆண்டு ஜப்பானின் கொமாகி நகர மக்கள் இதே பாணித் திட்டத்தை வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள்.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் காலையிலேயே இடம் பிடிக்கிறார்கள். மதியம் டிபன் பாக்ஸைத் திறக்க இடமின்றி வாசற்படியில், செருப்புகளுக்கு நடுவே, உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். இவர்களுக்காகவே சிற்றுண்டிச்சாலை வேண்டும் என்கிறேன். காபி வாங்கினால்தான் நாற்காலி என்ற நிலை வந்தால் இவர்கள் எங்கே போவார்கள்? சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். அந்த நாற்காலி அவர்களுடையது.

எனவே, கடைக்கு வாடகைக்கு இடம் விடுவதோடு தனியார் பங்கு நிற்கட்டும். நூல் கொள்முதலும் வாசிப்புக் கூடமும் நூலகத் துறையிடமே இருக்க வேண்டும். சிற்றுண்டிச்சாலை நடத்த மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு முன்னுரிமை தரலாம். வாடகைத் தொகை முழுவதும் அந்தந்த நூலகத்துக்குப் புது நூல்கள் வாங்கவே செலவிடப்பட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் வட்ட உறுப்பினர் ஒருவர்