மின்சிகரெட்: விட்டுவிட்டோமா, மாற்றிக்கொண்டோமா?

புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியில் விடியுமுன் வேலைக்கு இறங்குவோருக்கும், துறைமுகத்தில் சுமை இறக்கிவிட்டு இரவில் வீடு திரும்புவோருக்கும் பீடியும் சிகரெட்டும் தூக்கத்தை விரட்டும் துணையாகவே தொடங்கின. இதை நியாயப்படுத்துவது நம் நோக்கமன்று. ஆனால், பழக்கத்தின் வேரை மறந்துவிட்டு அறிவுரை கூறுவது எளிது. அண்மைக்காலமாக நம் இளைஞர்கள் சிலர், "சிகரெட்டை விட்டுவிட்டேன் பாய், இப்போது வேப் மட்டும்தான்" என்று மகிழ்ச்சியோடு சொல்கிறார்கள்.

அந்த மகிழ்ச்சியை முற்றிலும் பொய்யென்று தள்ள இயலாது. புகையிலையை எரிக்கும்போது எழும் தார் மின்சிகரெட்டில் இல்லை. பிரிட்டனில் 2023-ஆம் ஆண்டு, புகைப்பவர்கள் பத்து இலட்சம் பேருக்கு ஆலோசனையுடன் இக்கருவியை வழங்கும் திட்டத்தை அரசே அறிவித்தது. அங்கே ஒரு மில்லிலிட்டர் திரவத்தில் 20 மில்லிகிராமுக்கு மேல் நிக்கோட்டின் இருக்கக்கூடாது என்ற வரம்பும் உண்டு.

நம் நிலை வேறு. தமிழக அரசு 2018-இல் இதற்குத் தடை விதித்தது. மறு ஆண்டு நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது. விற்பவருக்கு முதல் குற்றத்திற்கே ஓராண்டுச் சிறை அல்லது ஒரு இலட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ஆகவே இங்கு கைமாறுவதெல்லாம் கள்ளச்சரக்கே. அதற்குள் எவ்வளவு நிக்கோட்டின் இருக்கிறது என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. தடுக்கப்பட்ட பொருளை ஒளித்து வாங்கிக்கொண்டு, உடல்நலத்திற்காக வாங்கினேன் என்பது நமக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை.

நம்மை அதிகம் உறுத்துவது வேறொன்று. பச்சை வெங்காயம், பூண்டு உண்ட வாடையோடு பள்ளிவாசலுக்கு வருவதையே நபிகளார் (ஸல்) தவிர்க்கச் சொன்னார்கள். அதை அறிந்த புகைப்பழக்கமுள்ள சகோதரர், தொழுகைக்கு முன் வாயை மீண்டும் மீண்டும் கொப்பளித்துவிட்டுப் பின்வரிசையில் ஒதுங்கி நிற்பார். பழக்கத்தை விடவேண்டும் என்ற எண்ணத்தை அந்தக் கூச்சமே அவருள் உயிரோடு வைத்திருந்தது. மின்சிகரெட் முதலில் பறிப்பது அந்தக் கூச்சத்தைத்தான். மாம்பழ வாசனையை வீட்டில் தாயாரும் கண்டுபிடிப்பதில்லை. சிகரெட்டாவது எரிந்து அணையும். இதை நாள் முழுக்க இழுத்துக்கொண்டே இருக்கலாம். பலர் இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துகிறார்கள் என்பதையும் நாம் காண்கிறோம்.

"வெறும் நீராவிதானே, நோன்பு முறியாதே" என்று கேட்போரும் உண்டு. அது நீராவியன்று, கிளிசரின் போன்ற திரவங்களோடு நிக்கோட்டினும் சேர்ந்த நுண்துளிப்படலம். வேண்டுமென்றே அதை உள்ளிழுத்தால் நோன்பு முறியும் என்பதே ஆலிம்களின் கருத்து.

ரமளானில் ஸஹரிலிருந்து இஃப்தார் வரை பதின்மூன்று மணி நேரத்திற்கும் மேலாகப் புகையின்றி இருப்பவர்கள்தாம் இச்சகோதரர்கள். இஃப்தார் முடிந்ததும் தெருமுனைக்கு விரையும் அந்தச் சில நிமிடங்களில்தான் அவர்களுக்குத் துணை தேவை. மருந்துக்கடைகளில் நிக்கோட்டின் சூயிங்கம் கிடைக்கிறது. புகையிலையை விட விரும்புவோருக்கு 1800-11-2356 என்ற கட்டணமில்லா அரசு உதவி எண்ணும் இருக்கிறது. சிகரெட் பெட்டியின் மீதே அச்சிடப்பட்டுள்ள எண் அது. நம் ஜமாஅத்துகள் அதைத் தொழுகை நேரப் பலகைக்குக் கீழே எழுதி வைக்கலாம். வரும் ரமளானுக்குக் காத்திராமல் இந்த ஜும்ஆவிலேயே அதைச் செய்யலாம்.