விதைநெல் யார் கையில்?

உழுகின்ற நிலம் யாருடையது என்னும் வினா நம் நாட்டில் நெடுங்காலமாகக் கேட்கப்பட்டு வருகின்றது. அந்நிலத்தில் விழுகின்ற விதை யாருடையது என்னும் வினாவையோ நம்மவர் மறந்தே போயினர். நெல், தன் பூந்தாதைக் கொண்டே சூல்கொள்ளும் பயிர். ஆகலின் அதன் வித்து தாயின் இயல்பினின்று எளிதில் மாறுவதில்லை. முற்றிய கதிர்களைத் தேர்ந்து, கலவன் நீக்கி, காயவைத்து, வைக்கோற் புரி சுற்றிக் கோட்டை கட்டி வைத்த உழவர்குடி, மறு ஆண்டு எவர் வாயிலிலும் விதைக்கென்று நின்றதில்லை.

1960இல் பிலிப்பைன்சு நாட்டில் பன்னாட்டு நெல் ஆய்வு நிலையம் தோன்றிற்று. 1966இல் அது ஐ.ஆர். 8 என்னும் குட்டை நெல்லை வெளியிட்டது. வறட்சியால் அயல்நாட்டுக் கோதுமைக் கப்பலை எதிர்நோக்கியிருந்த அந்நாளில், குட்டை நெல் விளைச்சலைப் பெருக்கியதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதற்குக் கொடுத்த விலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நெல் குட்டையாயிற்று, வைக்கோல் குறைந்தது. வைக்கோல் குறையவே மாடு குறைந்தது. மாடு குறையவே எரு குறைந்தது. எருவின் இடத்தில் மூட்டை உரம் வந்தது. உரத்தில் கொழுத்த பயிரை நாடிப் பூச்சி வந்தது. பூச்சிக்கு நஞ்சு வந்தது. வீட்டிலும் தொழுவிலும் இருந்த இடுபொருள்களெல்லாம் கடைக்குப் போயின. உழவன் கடன்காரன் ஆனான்.

பெயர்களும் போயின. மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, பூங்கார், கருங்குறுவை, காட்டுயாணம், குடவாழை, களர்ப்பாலை என்று நம் முன்னோர் இட்ட பெயர்கள் இருந்த இடத்தில் எழுத்தும் எண்ணும் வந்து அமர்ந்தன. அப்பெயர்கள் வெறும் அழகுக்கு இடப்பட்டவையா? களர்ப்பாலை என்னும்போதே அது எந்நிலத்தைத் தாங்கும் என்பது விளங்கவில்லையா? (இவற்றை மீட்க வந்தோரும் ‘பாரம்பரிய நெல்’ என்றே எழுதுகின்றனர். மரபு நெல் என்றால் முளைக்காதோ?)

2003ஆம் ஆண்டு, இயற்கை வேளாண்மைக்குத் தம் வாழ்வை ஈந்த நம்மாழ்வார், பூம்புகாரிலிருந்து கல்லணை வரை நடந்தார். வழியில் உழவர் தந்த மரபு நெல்வகைகள் சிலவற்றைப் பேணும் பொறுப்பு செயராமன் என்னும் தொண்டரிடம் வந்தது. 2006 முதல் திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் அவர் நெல் திருவிழா நடத்தினார். அங்கு வரும் உழவருக்கு இரண்டு கிலோ விதை விலையின்றிக் கிடைக்கும். மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தரல் வேண்டும். இதுவே முறி, இதுவே முத்திரை. ஒற்றை நாற்று நடவுக்கு இரண்டு கிலோ, இரண்டு மா நிலத்திற்குப் போதும். அதன் விளைச்சலில் நான்கு கிலோ என்பது ஒரு கைப்பிடி. ஆனால் அக்கைப்பிடி அடுத்த ஆண்டு இன்னும் இருவர் வயலில் முளைக்கின்றது. 2018இல் நோய் அவரைக் கொண்டுசென்றபோது, ஏறத்தாழ 170 வகைகள் பல்லாயிரம் உழவர் கைகளில் பரவியிருந்தன.

இதன் நுட்பத்தை நம் இளைஞர் உணர்தல் வேண்டும். குளிரூட்டிய அறையில் உறங்கும் விதை, மாறிவரும் மழையையும் உப்பேறும் மண்ணையும் அறியாது. வீட்டில் வைத்த விதைநெல்லோ ஓரிரண்டு ஆண்டுகளில் முளைப்புத்திறன் இழக்கும். எனவே ஆண்டுதோறும் எங்கேனும் ஒரு வயலில் அது விதைக்கப்பட்டே ஆதல் வேண்டும். தனியொரு சிற்றுழவரால் நூறு வகைகளைக் காத்தல் இயலாது. நூறு சிற்றுழவர் ஆளுக்கொன்று காத்தல் மிக எளிது. இந்திய உழவரில் நூற்றுக்கு 86 பேர் இரண்டு எக்டேருக்குக் குறைந்த நிலமுடையோர் என 2015-16 வேளாண் கணக்கெடுப்பு கூறுகின்றது. இச்சிறுமையையே குறையென்று பேசுகின்றவர்கள், விதைக்காப்பில் அது வலிமையாதலைக் காண மறுக்கின்றனர்.

சட்டமும் இதற்குத் தடையன்று. 2001ஆம் ஆண்டின் பயிர்வகைக் காப்பு, உழவர் உரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும் உழவருக்கு உரிமை தருகின்றது. காப்புப் பெற்ற வகையை வணிகப் பெயரிட்டு விற்றலாகாது என்பதே விலக்கு. எனினும் 2019இல் குசராத்து உழவர்மீது உருளைக்கிழங்கு வகையொன்றுக்காகப் பெப்சிகோ நிறுவனம் வழக்குத் தொடுத்தது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பின்னரே அதனைக் கைவிட்டது. அறியாத உரிமை, இல்லாத உரிமையே.

ஆகலின் ஊர்தோறும் பத்து உழவர் கூடுக. ஆளுக்கு ஒரு வகையைப் பத்துக் குழியிலேனும் விதைத்து, கலவன் நீக்கி, பொதுக் குதிரில் சேர்த்து, பெறுவோர் பெயரையும் வகையின் பெயரையும் ஒரு சுவடியில் எழுதி வைத்து, இரண்டுக்கு நான்கு என்னும் அம்முறையைத் தம் ஊரிலும் நடத்துக. ஆவணியில் சம்பா நாற்றங்காலுக்கு விதை வேண்டும். தேடுதலை இப்போதே தொடங்குக.