இரவல் குரல்!

அமெரிக்காவில் உள்ளது நியூ ஆர்லியன்ஸ் நகரம். அங்கே முதியோரைப் பராமரிக்கும் வேலை பார்த்து வந்தார் ஒரு பெண். பாட்டுக்காக அவர் வைத்துக்கொண்ட பெயர் பிரின்சஸ் ஷா.

வேலை முடிந்ததும் பாடுவார். பக்கவாத்தியம் கிடையாது. பாடியதை யூடியூபில் போடுவார். கேட்டவர்கள் வெகு சிலரே.

ஒட்டுப் போட்ட பாட்டு

இஸ்ரேல் நாட்டு இசைக் கலைஞர் குட்டிமான் அந்தக் குரலைக் கேட்டார். வெவ்வேறு ஆட்கள் யூடியூபில் வாசித்துப் போட்டிருந்த இசையை வெட்டி எடுத்தார். அந்தக் குரலோடு சேர்த்தார். 2014-ல் "கிவ் இட் அப்" என்ற பாட்டு பிறந்தது. லட்சக்கணக்கானோர் கேட்டனர். இதுதான் ரீமிக்ஸ்.

வெளிவரும் வரை பாடியவருக்கே சேதி தெரியாது! தெரிந்ததும் மகிழ்ந்தார். குட்டிமானும் பாடியவர், வாசித்தவர் பெயர்களை மறைக்கவில்லை.

ஆனால், எல்லோரும் மகிழ்வார்களா? தன் குரலைக் கேளாமல் எடுத்துவிட்டார்களே என்று ஒருவர் வருந்தினால், அந்த வருத்தமும் நியாயந்தானே?

வழி உண்டு

"என் பாட்டை எடுத்துக்கொள்ளலாம், என் பெயரைச் சொல்ல வேண்டும்" என்று கலைஞரே முன்கூட்டி அறிவித்துவிடலாம். இதற்காகவே 2002-ல் "கிரியேட்டிவ் காமன்ஸ்" உரிமங்கள் வந்தன. இந்த முறையில் முகம் அறியாதவர்களும் மனக்கசப்பு இன்றிக் கூடிப் பாட்டுக் கட்டலாம். இதுவே நல்ல வழி.

பக்கத்து வீட்டு நகையைக்கூடக் கேட்டுத்தான் இரவல் வாங்குகிறோம். குரல் மட்டும் கேட்பாரற்ற பொருளா?