ஐந்து வயதில் கண்ட எலும்புக்கூடு



சென்ற மாதம் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது, ஒரு தாய் தம் மகனின் கணக்கு நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். ஒன்பது வயதுப் பையன். நோட்டின் ஓரமெல்லாம் டைனோசர் படங்கள். மாதத் தேர்வில் மதிப்பெண் குறைந்துவிட்டதாம். "இந்தப் பைத்தியம் எப்போது தெளியும், சாமி?" என்று அவர் கேட்டார். அருகில் நின்ற மாமியாருக்கோ வேறொரு கவலை. "இப்படி ஒரு மிருகம் இருந்ததாக வேதத்தில் எங்கே சொல்லியிருக்கிறது?" என்றார்.

பெரியவரின் கேள்விக்கு முதலில் விடை கூறிவிடுகிறேன். தொடக்க நூல் விலங்குகளின் பெயர்ப் பட்டியல் அன்று. கங்காருவின் பெயரும் விவிலியத்தில் இல்லை. அதனால் கங்காரு இல்லை என்று நாம் வாதிடுவதில்லை. டைனோசர்கள் மண்ணுலகை விட்டு மறைந்து ஏறக்குறைய 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகள் ஆகின்றன என்பதைப் பாறைகளைப் படித்தவர்கள் கூறுகின்றனர். அதனைக் கேட்டு விசுவாசம் நடுங்க வேண்டியதில்லை.

தாயின் கேள்வி எளியதன்று. அதற்கு விடையாக ஒரு மனிதரின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

ஸ்டீபன் ஜே கூல்ட் 1941இல் நியூயார்க் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர்; விஞ்ஞானி அல்லர். மகனுக்கு ஐந்து வயதானபோது அவர் அவனை அந்நகரின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் சென்றார். அங்கே, 1915ஆம் ஆண்டு முதல், டைரனோசாரஸ் என்னும் கொடிய டைனோசரின் எலும்புக்கூடு நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. கத்தி போன்ற பற்கள். கூரையை எட்டுவது போல் நிமிர்ந்த தலை. தந்தையின் அருகே சிறுவன் வாய்பிளந்து நின்றான். அவ்வேளையில் பக்கத்திலிருந்த ஒருவர் பலமாகத் தும்மினார். விலங்குதான் உயிர்பெற்று எழுந்ததென்று பயந்த சிறுவன், யூதர்கள் இறுதி வேளையில் சொல்லும் செபத்தைச் சொல்ல ஆயத்தமாகிவிட்டானாம்! விலங்கு அசையவில்லை. அங்கிருந்து வெளியேறும்போதே, தான் பெரியவனானதும் தொல்லுயிர் ஆய்வாளனாவேன் என்று அவன் அறிவித்துவிட்டான். பிற்காலத்தில் இதனை அவரே நகைச்சுவையோடு எழுதியிருக்கிறார்.

ஐந்து வயதில் யார்தான் எதைத்தான் அறிவிப்பதில்லை? நம் வீடுகளில் காலையில் விமானியாகவும் மாலையில் ஆயராகவும் ஆகிறவர்கள் எத்தனை பேர்! ஆனால் இச்சிறுவன் சொல்லைக் காத்தான். 1967இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணியேற்று, 2002இல் இறக்கும் வரையில் அங்கேயே பணியாற்றினார்.

வாசகர்களை வியக்கவைக்கும் செய்தி இனிமேல்தான் வருகிறது. அவர் தம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது டைனோசரை அன்று, நத்தையை. பஹாமாஸ் தீவுகளில் வாழும் 'செரியன்' என்னும் சிறு நில நத்தை அது. அதன் ஓடுகள் இடத்துக்கு இடம் வேறுபடுவதால், முன்னிருந்தோர் ஏறக்குறைய 600 இனங்களாகப் பெயரிட்டு வைத்திருந்தனர். அவ்வளவு இனங்கள் உண்மையில் இல்லை என்று காட்டுவதற்காக, கூல்ட் பல ஆண்டுகள் அந்த ஓடுகளை ஒவ்வொன்றாக அளந்துகொண்டிருந்தார். அளப்பதென்றால் கணக்கு, அந்தத் தாய் இதனைக் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் பழைய அன்பு செத்துவிட்டதா? இல்லை. 1974 சனவரி முதல் 2001 சனவரி வரை, ஓர் இதழும் தவறாமல் அவர் 300 கட்டுரைகள் எழுதினார். வெளியிட்டதோ, தாம் ஐந்து வயதில் சென்ற அதே அருங்காட்சியகத்தின் மாத இதழ். 1982இல் கொடிய புற்றுநோய் கண்டபோதும் கட்டுரை நிற்கவில்லை. (மாதம் ஒரு பக்கம் நிரப்புவதற்கே இதழாசிரியரிடம் தவணை கேட்கும் உங்கள் பங்குத்தந்தை, இவரை எண்ணி வெட்கப்படுவதுண்டு.) அக்கட்டுரைகளில் டைனோசர்கள் மீண்டும் மீண்டும் வந்தன. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1996இல் உயிர்களின் பரிணாமம் பற்றித் திருப்பீட அறிவியல் கழகத்திற்கு விடுத்த செய்தியைக் குறித்தும், மறு ஆண்டில் அவர் மதிப்போடு எழுதினார். அவர் கடவுள் நம்பிக்கையில் ஊன்றியவர் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. அவர் சிறுவயதில் கண்ட அந்த எலும்புக்கூடு தவறாக நிறுத்தப்பட்டிருந்தது. வாலைத் தரையில் இழுத்துக்கொண்டு நிமிர்ந்து நடக்கும் மந்தமான பல்லி என்றே அந்நாளில் கருதினர். 1964இல் ஜான் ஆஸ்ட்ரம் என்பவர் மொன்டானா மாநிலத்தில் டைனோனிக்கஸ் என்னும் சுறுசுறுப்பான சிறு டைனோசரின் எலும்புகளைக் கண்டெடுத்தார். அதன் பின்னர், பறவைகள் டைனோசர் குலத்திலிருந்தே தோன்றின என்ற கருத்து மீண்டும் வலுப்பெற்றது. 1995இல் அருங்காட்சியகத்தார் அதே டைரனோசாரஸ் எலும்புகளைக் கழற்றி, உடல் கிடையாகவும் வால் உயர்ந்தும் நிற்குமாறு மாற்றியமைத்தனர். இளமையில் நெஞ்சில் பதிந்த உருவத்தைப் பிறர் கலைத்தால் நமக்குக் கோபம் வரும். பழைய கோயிலை இடித்துப் புதிது கட்டும்போது பங்கு மக்கள் படும் பாட்டை நான் அறிவேன். கூல்ட் அப்படிச் சினக்கவில்லை. ஆஸ்ட்ரம் கண்டதை அவரே தம் பக்கங்களில் மகிழ்ச்சியோடு விளக்கினார். குழந்தைப் பருவ நினைவை நேசிப்பது வேறு, அந்த விலங்கை நேசிப்பது வேறு.

ஆதலால் அந்தத் தாய்க்கு நான் சொன்னது இதுதான். நோட்டைக் கிழிக்க வேண்டாம். டைரனோசாரஸ் ஏறக்குறைய 12 மீட்டர் நீளம். சுண்ணாம்புக் கட்டியைக் கொடுத்து, தெருவில் அளந்து கோடு போடச் சொல்லுங்கள், கணக்கும் வரும். அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் ஒன்று உண்டு. அப்பகுதி டைனோசர் காலத்தில் கடலாக இருந்ததால், பெரும்பாலும் கடல் உயிர்களே அங்குக் கல்லாகக் கிடைக்கின்றன. விடுமுறையில் பையனை அழைத்துச் செல்லலாம்.

"அவனுடைய அப்பாவுக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாதே, சாமி" என்றார் அவர்.

தெரிய வேண்டியதில்லை. கூல்ட் தம் கட்டுரைகளைத் திரட்டி முதல் நூலாக 1977இல் வெளியிட்டபோது, அதனை எந்தப் பேராசிரியருக்கும் காணிக்கையாக்கவில்லை. ஐந்து வயதில் டைரனோசாரஸைக் காட்ட அழைத்துச் சென்ற தந்தைக்கே உரியதென்று முதல் பக்கத்தில் எழுதினார்.